கடல்நீர்த் தொட்டிக்கு வடிகட்டியும் விளக்கும்

(அலங்கார மீன் வளர்ப்போர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



உங்களில் பலர் வயலோடு வயலாக, வீட்டின் பின்புறத்தில் நாலைந்து சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, மோலி, கப்பி, தங்கமீன் வளர்த்து விற்று வருகிறீர்கள். நல்ல நீர் மீனில் கை பழகியபின் கடல் மீனுக்குப் போகலாமா என்ற ஆசை வருவது இயல்புதான். பெரிய ஊர்களில் கண்ணாடித் தொட்டிக்குள் பவளப்பாறையும், ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும், நீல விளக்குமாக வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அதற்கு எந்த வடிகட்டி போடுகிறார்கள்? எந்த விளக்கு மாட்டுகிறார்கள்?" என்று காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பணம் போடுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது அது.

நம் நாட்டில் உயிருள்ள பவளத்தைத் தொட்டியில் வைக்கக் கூடாது. பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. எடுப்பது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். கரையில் ஒதுங்கிய செத்த பவளக் கல்தானே என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்தாலும் சிக்கல்தான். சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியே போய்விட்டன.

அப்படியானால் பவளத் தொட்டியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. பவளம்தான் தொட்டியில் வளர்ப்பதற்கு எல்லாவற்றையும்விடக் கடினமான உயிர். அதைப் பிழைக்க வைக்கப் பிற நாட்டார் கற்ற பாடத்தில் பாதி, நாம் வைக்கப்போகும் கோமாளி மீனுக்கும் வேண்டும். மற்ற பாதி நமக்கு வேண்டாம். எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாமல் போனால், வேண்டாத பாதிக்குத்தான் அதிகப் பணம் போய்ச் சேரும்.

வடிகட்டி என்பது பஞ்சு அல்ல

வடிகட்டி என்றதும் காப்பி வடிகட்டி போல அழுக்கைப் பிடித்து நிறுத்தும் கருவி என்று நினைக்கிறோம். அழுக்கைப் பிடிப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது. அதை விளக்க உங்கள் நெல் வயலையே எடுத்துக்கொள்கிறேன்.

மீன் தின்கிறது, கழிவை விடுகிறது. அந்தக் கழிவு அம்மோனியா. அதை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றுகிறது. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டுக்கும் காற்று வேண்டும். நீங்கள் வயலில் தெளிக்கும் தழைச்சத்து உரத்துக்கும், சேற்றின் மேலடுக்கில், காற்றுப் படும் இடத்தில் இதே கதிதான். பிறகு அந்த நைட்ரேட் காற்றில்லாத கீழ்ச் சேற்றுக்கு இறங்கினால், அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும். போட்ட உரம் ஆகாயத்துக்குப் போய்விட்டது என்று நாம் வருந்துவது இதைத்தான். யூரியாவுக்கு வேப்பம்பூச்சு கொடுப்பதும் இந்த இழப்பைக் குறைக்கத்தான்.

கடல்நீர்த் தொட்டிக்காரர் இதற்கு நேர் எதிராக ஆசைப்படுகிறார். வயலில் எது நட்டமோ, தொட்டியில் அதுவே லாபம். தழைச்சத்து முழுவதும் வாயுவாகிப் போய்விட வேண்டும் என்பதுதான் அவர் வேண்டுதல். பவளக் கடலின் நீரில் சத்து மிகவும் குறைவு. பவளம் அந்தப் பஞ்சத்துக்குப் பழகிய உயிர்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள உலகுக்கே நெடுநாள் பிடித்தது. தொடக்கத்தில் மணலுக்கு அடியில் துளைத் தட்டு வைத்து, நீரை மணல் வழியாக இழுத்தார்கள். பிறகு 1980களில் பிளாஸ்டிக் உருண்டைகள்மேல் நீரைச் சொட்டச் சொட்ட விடும் கோபுர வடிகட்டி பரவியது. இரண்டிலும் காற்று நிறைய உண்டு. அதனால் அம்மோனியா மிக நன்றாக மாறும். ஆனால் நைட்ரேட்டோடு வேலை நின்றுவிடும். அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். மீன் ஓரளவு தாங்கும். பவளம் வாடும்.

வழியைக் காட்டியவர்களில் முன்னோடி, ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர். 1961ஆம் ஆண்டிலேயே தம் முறையை எழுதி வெளியிட்டார். அவர் கருவி எதையும் நம்பவில்லை. கடலிலிருந்து உயிரோட்டமுள்ள துளைக்கற்களை எடுத்துத் தொட்டியில் அடுக்கி, மெல்லிய காற்றுக் குமிழி விட்டு, வெயில் படும்படி வைத்தார். பவளம் பிழைத்தது. கல்லின் வெளிப்புறத்தில் காற்று உண்டு. அங்கே முதல் வேலை நடந்தது. கல்லின் உள் துளைகளில் காற்று இல்லை. அங்கே நைட்ரேட் வாயுவானது. உங்கள் வயலின் மேற்சேறும் கீழ்ச்சேறும் ஒரே கல்லுக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொனாகோவில் ஜான் ஜோபேர் என்ற அறிஞர் இதையே ஆழமான மணற்படுகையில் செய்து காட்டினார். ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் திறக்கப்பட்ட காட்சியகத்தின் பவளத் தொட்டி 25 லட்சம் லிட்டர் கொண்டது. அங்கே வேறு வழி: தட்டுகளில் பாசியை வளர்த்து, அது நீரிலுள்ள சத்தை உறிஞ்சியதும் சுரண்டி எடுத்தார்கள். தீவனப் புல்லை அறுக்கிற மாதிரிதான். அமெரிக்கரான வால்டர் ஏடி வகுத்த முறை அது.

நமக்கு ஏற்ற அமைப்பு

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்குச் சற்றே மேல் பிடிக்கும். நீரின் எடை மட்டும் ஒரு டன்னுக்கு மேல். ஆகவே மரப்பலகை, மாடி என்ற பேச்சே வேண்டாம். கீழ்த்தளத்தில் கெட்டியான தரையில், செங்கல் மேடையோ இரும்புச் சட்டமோ அமைத்து, மட்டம் பார்த்து வையுங்கள்.

இதன் கீழே, 'சம்ப்' என்று வியாபாரிகள் சொல்லும் கீழ்த்தொட்டி ஒன்று வேண்டும். 300 லிட்டர் இருக்கட்டும். மேல்தொட்டியின் விளிம்பில் வழியும் நீர் குழாய் வழியே இதில் இறங்கும். இங்கே சுத்தமாகி, மோட்டார் மூலம் மேலேறும். மணிக்கு 3,000 முதல் 5,000 லிட்டர் ஏற்றும் மோட்டார் போதுமானது. மேல்தொட்டிக்குள் நீரைச் சுழலவிடத் தனியாகச் சிறு சுழல் மோட்டார்கள் இரண்டு மாட்டலாம்.

கீழ்த்தொட்டியின் முதல் அறையில் பஞ்சு. அதை வாரம் இருமுறை அலசாவிட்டால், பிடித்த அழுக்கு அங்கேயே அழுகி மறுபடியும் அம்மோனியாவாகும். இரண்டாம் அறையில் நுரைப் பிரிப்பான். கடையில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று கேட்க வேண்டும். கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கொப்பரையில் வெண்டைச் செடிச் சாற்றை விட்டதும் அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வரும். அதை அகப்பையால் வழித்து எறிவோம் அல்லவா? இங்கே மாவு போன்ற நுண்குமிழிகள் அந்த வேலையைச் செய்கின்றன. கழிவு அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே கிண்ணத்தில் பழுப்பு நீராக ஒதுங்கிவிடும். உப்பு நீரில்தான் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் நுண்மையாகவே நிற்கும். எனவே உங்கள் நல்ல நீர்த் தொட்டியில் இதை வைத்துப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். கருவி வாங்குவதில் எங்கே தாராளமாக இருக்கலாம் என்று கேட்டால், இதில் என்பேன்.

மூன்றாம் அறையில் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பொருள். துளையுள்ள பீங்கான் வளையங்களை வலைப்பையில் போட்டு வைக்கலாம். மேல்தொட்டியில் பவளக் கல்லுக்குப் பதிலாக, சிமெண்டோடு கிளிஞ்சல் தூளும் மணலும் கலந்து, நீங்களே கற்கள் வார்த்துக்கொள்ளலாம். வார்க்கும்போது கல் உப்பைக் கலந்துவிட்டால், பிறகு ஊறவைக்கையில் உப்பு கரைந்து துளைகள் கிடைக்கும். புதுச் சிமெண்டுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டுக் காரம் போக்குகிறீர்களே, அதே பொறுமை இதற்கும் தேவை. நல்ல நீரில் மூழ்கவிட்டு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, குறைந்தது ஆறு வாரம் ஊறவையுங்கள். கற்கள் ஊறிய நீரில் கார அமில நிலை 8.4க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால்தான் தொட்டிக்குள் விடலாம்.

தண்ணீர்

கடலோரத்தில் இல்லாதவர்கள் இதற்கென விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், ஆயிரம் லிட்டருக்கு 35 கிலோ. சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. அதில் மீன் வாழாது. கரைக்கும் நீரும் முக்கியம். நம் கிராமத்துக் கிணறுகள் பலவற்றில், நாம் வயலில் போட்ட உரத்தின் நைட்ரேட் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. எதை வெளியேற்ற இத்தனை பாடுபடுகிறோமோ அதையே வாளியில் மொண்டு ஊற்றுவானேன்? ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரே நல்லது.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. இதை மறப்பவர்கள் அதிகம். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை உப்பு நீராலேயே நிரப்பினால், தினமும் 350 கிராம் உப்பு கூடும்; ஒரு மாதத்தில் பத்து கிலோவுக்கு மேல். குறைந்ததை நல்ல நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். உவர்ப்பு அளக்கும் மானி ஒன்றைத் தொட்டி அருகிலேயே தொங்கவிடுங்கள்.

நாற்பது நாள் காத்திருப்பு

இங்கேதான் நான் சறுக்கினேன். பல ஆண்டுகளுக்கு முன் முதல் கடல்நீர்த் தொட்டி வைத்தபோது, வடிகட்டி ஓடிப் பத்து நாளில் தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. தெளிந்த நீர் நல்ல நீர் என்று நம்பிப் பத்து மீன்களை விட்டேன். இரண்டாம் நாள் மேல்பரப்பில் வாய் பிளந்து நின்றன. நாலாம் நாள் ஒன்றுகூட மிச்சமில்லை. கருவி எல்லாம் இருந்தது. கருவிக்குள் நுண்ணுயிர் இல்லை; அவ்வளவுதான் குற்றம். கழனியில் தொழுவுரம் போட்ட மறுநாளே நாற்று நட்டவனைப் பார்த்துச் சிரிப்பவன்தான் நானும்.

கடல்நீரில் இந்த ஆபத்து நல்ல நீரைவிடக் கூடுதல். அதன் கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரை. நிலை 7 இருக்கும் நீரில், மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருப்பதில்லை. 8.2இல் அது ஏழு பங்கு அளவுக்குப் போய்விடுகிறது. நல்ல நீர்த் தொட்டியில் மன்னிக்கப்படும் தவறு இங்கே மன்னிக்கப்படாது.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டி, கல், நீர், மோட்டார் எல்லாம் தயாரானதும் மீனை விடாமல், இரண்டு மூன்று இறால்களை வலைப்பையில் கட்டிப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும். யூரியா ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று ஒருவர் காலையில் கேட்டார். வேண்டாம். யூரியா அம்மோனியாவாக உடையும் வேகம் நம் கையில் இல்லை. அளவு தப்பினால் மாதக்கணக்கில் சரிசெய்ய நேரிடும். சோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை பார்த்து எழுதி வாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் நைட்ரேட் தலை காட்டும். முதல் இரண்டும் சுழியத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அப்போது இரண்டே மீனை விடுங்கள். மற்றவற்றை இரண்டிரண்டாக, இடையில் பதினைந்து நாள் விட்டு விட்டுச் சேருங்கள்.

மீனையும் கடலில் பிடித்தது வேண்டாம், பொரிப்பகத்தில் பிறந்ததாக வாங்குங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறை மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி மையத்திலும், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்திலும் கைகூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாறு பிறந்த மீன் கடல் சாமந்தி இல்லாமலும் சுகமாக வாழும்.

விளக்கு யாருக்கு?

பவளத்தின் சதைக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகக் கொடுக்கிறது. உளுந்து வேரின் முடிச்சில் ரைசோபியம் குடியிருக்கும் உறவு போன்றதுதான். நீர் சூடானால் இந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இந்த வெளுப்பு கடுமையாக இருந்தது. ஆக, பவளத் தொட்டியின் பெரிய விளக்கு மீனுக்கு அல்ல, பார்ப்பவருக்கும் அல்ல. அந்தப் பாசி என்ற பயிருக்கு. கடல் நீர் சிவப்பு ஒளியை மேலேயே விழுங்கிவிடும், நீலமே ஆழம் போகும். அதனால்தான் அந்த விளக்குகள் நீலம் கலந்தே இருக்கின்றன. அதையும் ஒரேயடியாகக் கொளுத்த மாட்டார்கள். நிழல்வலை நாற்றை வெயிலுக்குப் பழக்குவது போல, வாரம் வாரமாக ஒளியைக் கூட்டுவார்கள்.

நம் தொட்டியில் பவளம் இல்லை. பிறகு அந்த விளக்கு எதற்கு? எனக்குத் தெரிந்த ஒருவர் வியாபாரி சொன்னார் என்று 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு மூன்றை மாட்டினார். நாளுக்குப் பத்து மணி நேரம் எரித்தால் ஏழரை யூனிட். மாதம் 225 யூனிட். அந்தப் பணம் போனதோடு முடியவில்லை. விளக்கின் சூட்டில் நீர் சூடேறியது. பயிரில்லாத வயலில் உரமும் வெயிலும் இருந்தால் களை மண்டுமே, அதைப் போலக் கல்லெல்லாம் பச்சைப் பாசி மூடிவிட்டது. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு 40 வாட் அளவில் எல்.இ.டி. விளக்கு தாராளம். டைமர் வைத்து, நாளுக்கு எட்டு மணி நேரம், தினமும் ஒரே நேரத்தில் எரியட்டும். ஆறடித் தொட்டிக்கு அதற்குமேல் விற்க வருபவரிடம், எந்த உயிருக்காக என்று கேளுங்கள். மிச்சமாகும் பணத்தை நுரைப் பிரிப்பானிலும், மின்கலத்தில் ஓடும் காற்று மோட்டாரிலும் போடுங்கள்.

மின்சாரமும் மருந்தும்

மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் குழாய் வழியே தானாகக் கீழே இறங்கும். நம் அளவுத் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 35 லிட்டர். நீர் ஏறும் குழாயின் வாய் ஆறு அங்குல ஆழத்தில் இருந்தால், 200 லிட்டருக்குமேல் இறங்கிக் கீழ்த்தொட்டி வழிந்து வீடெல்லாம் உப்பு நீராகும். குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலத்துக்குள் வையுங்கள். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் இடுங்கள். மட்டம் இறங்கியதும் துளை வழியே காற்று புகுந்து இழுப்பு அறுந்துவிடும். கீழ்த்தொட்டியில் நூறு லிட்டருக்காவது எப்போதும் காலியிடம் இருக்கட்டும். மோட்டாரை நிறுத்தி ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகே உப்பைக் கரையுங்கள்.

உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நில இணைப்பும், கசிவைக் கண்டதும் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவியும் இல்லாத இடத்தில் தொட்டி வைக்காதீர்கள். மின்கம்பிகள் சொருகுமிடத்துக்குக் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும்; அப்போதுதான் வழியும் துளி வளைவிலேயே சொட்டிவிடும்.

உழவர் வீட்டுக்கென்று தனியாக இன்னொன்று உண்டு. மருந்து தெளித்த கையோடு தொட்டியில் கை விடக் கூடாது. தெளிப்பான் வைக்கும் அறையில் காற்று மோட்டாரை வைக்கக் கூடாது; அறையில் உள்ள மருந்துக் காற்றை அது இழுத்து நேராக நீருக்குள் ஊதிவிடும். மயில்துத்தம் கலக்கிய வாளி, பித்தளைக் குழாய், செம்புக் கம்பி எதுவும் நீரைத் தொடக் கூடாது. செம்பு மீனுக்கே தீங்கு. இறாலும் நண்டும் உள்ள தொட்டியில் துளி போதும். தொட்டிக்கு என்று ஒரு வாளியும் ஒரு மக்கும் தனியாக வாங்கி, அவற்றில் பெயிண்டால் குறி போட்டு வையுங்கள்.

காலையில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் குஞ்சுகளுக்கான தீவனம் பற்றித்தான் அதிகம் இருக்கிறது. மதிய உணவுக்குப் பின் பொரிப்பகக் கொட்டகைக்கே போய், அதைக் கையோடு செய்து பார்ப்போம்.